கடல் கடக்கும் காருக்குத் தனிக் காப்பீடு

பாறசாலை, களியக்காவிளை எல்லையோரச் சிற்றூர்களில் ஒரே வீட்டு முற்றத்தில் கே.எல். 19 எண் கொண்ட காரும் டி.என். 75 எண் கொண்ட ஸ்கூட்டரும் அருகருகே நிற்பதைக் காணலாம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அன்று தொட்டு இரு மாநிலங்களின் வாகன விதிகளோடும் பழகிவிட்டவர்கள் இப்பகுதி மக்கள். ஆயினும், பணி மாற்றம் பெற்று அந்தமானுக்குக் குடிபெயரும் வாடிக்கையாளர்கள் காரையும் உடன் கொண்டுசெல்ல விழையும்போது அந்தப் பழக்கம் சென்னைத் துறைமுகம் வரையே உதவுகிறது.

"என் பாலிசி இந்தியா முழுவதற்கும் பொருந்துமே, அந்தமானும் இந்தியாதானே?" என்பது நம்மிடம் கேட்கப்படும் முதற் கேள்வி. கேள்வி நியாயமானதே. பாறசாலையில் எடுத்த பாலிசி ஸ்ரீ விஜயபுரத்திலும் செல்லும் (2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு இடப்பட்ட புதிய பெயர் இது). சிக்கல் இரு கரைகளிலும் இல்லை. இடையிலுள்ள நீரில் இருக்கிறது. தனியார் கார்களுக்கான வழக்கமான முழுப் பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவைப் படித்துப் பாருங்கள். வாகனம் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச்செல்லப்படும்போது ஏற்படும் சேதத்துக்கான வழிகளாகச் சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், விமானம் ஆகியவை அங்கே குறிக்கப்பட்டிருக்கும். கடல் அப்பட்டியலில் இல்லை. கூடுதல் பிரீமியம் செலுத்தி இலங்கை, மாலத்தீவு போன்ற நாடுகளுக்குப் பாலிசியை நீட்டிக்கும் ஒப்புதலிலும், வாகனத்தை அங்கே கொண்டுசெல்லும் கடற்பயணம் வெளிப்படையாகவே விலக்கப்பட்டுள்ளது. ஆகவே வீட்டிலிருந்து சென்னை வரை 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தரைவழிக்குக் கார் பாலிசி துணை நிற்கும். கப்பலில் ஏற்றிய பின் நேரும் இழப்புக்கு அதை நம்பியிருக்க இயலாது.

இந்த இடைவெளியை நிரப்புவது மரைன் பாலிசி எனப்படும் கடல்சார் காப்பீடு. இதில் ஏ, பி, சி என மூவகை நிபந்தனைத் தொகுப்புகள் உண்டு. பிரீமியம் குறைவு என்பதற்காக 'சி' தொகுப்பைத் தேர்வோர் உளர். அது தீ, கப்பல் மூழ்குதல், தரைதட்டுதல், மோதல் போன்ற பெரு விபத்துகளுக்கே பொருந்தும். கிரேனிலிருந்து கார் நழுவி விழுந்து பாதி நசுங்கினால் 'சி' கைகொடுக்காது. 'பி' தொகுப்பும் முழு இழப்புக்கு மட்டுமே ஈடு தரும். நம் கருத்தில், காருக்கு ஏற்றது 'ஏ' தொகுப்பே. அதிலும் பழைய வாகனமெனில் கீறல், நசுங்கல் ஆகியவற்றை விலக்கும் வரி சேர்க்கப்படுவதுண்டு. கையெழுத்திடுமுன் அவ்வரியைத் தேடுங்கள். காப்பீடு துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரையா, வீட்டு வாசலிலிருந்து வாசல் வரையா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மூன்று தொகுப்புகளிலும் பலர் அறியாத ஒரு பயன் உண்டு. புயலில் கப்பலைக் காக்கச் சில சரக்குகளைக் கடலில் எறிய நேர்ந்தால், அந்த இழப்பைக் கரைசேர்ந்த சரக்குகளின் உரிமையாளர்கள் அனைவரும் மதிப்பு விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது கடல் வாணிகத்தின் தொன்மையான நெறி. தங்கள் கார் சிறு கீறலுமின்றி வந்து சேர்ந்தாலும் தங்கள் பங்குத்தொகை கேட்கப்படலாம். மரைன் பாலிசி இருப்பின் அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்.

கார்க்கடன் நிலுவையில் இருப்போர் முதலில் வரவேண்டிய இடம் வங்கிக் கிளை. ஆர்.சி.யில் வங்கியின் ஹைப்பாதிகேஷன் பதிவாகியிருக்கும்வரை, வங்கியின் எழுத்துப்பூர்வ இசைவு இன்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற இயலாது. மரைன் பாலிசியிலும் வங்கியின் பெயரைச் சேர்க்குமாறு நாம் கேட்பது இதனால்தான்: கார் கடலில் போய்விட்டாலும் தவணை நிற்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவின்படி, 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்திலோ ஒன்றியப் பகுதியிலோ வைத்திருக்கும் வாகனத்துக்கு அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். கே.எல். அப்போது ஏ.என். ஆகும். கேரளத்தில் ஏற்கெனவே மொத்தமாகச் செலுத்திய 15 ஆண்டு வரியில் எஞ்சிய காலத்துப் பங்கைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். 2021-இல் தொடங்கிய பி.எச். வரிசை எண் உடையோருக்கு இந்த அலைச்சல் இல்லை. பதிவெண் மாறியதும் கார் பாலிசியிலும் புதிய எண்ணையும் முகவரியையும் ஏற்றிவிட வேண்டும்.

இவ்வளவையும் கணக்கிட்ட பின், பத்தாண்டு கடந்த காரை இரண்டாண்டுப் பணிக்காகக் கப்பலேற்றுவதைவிட மார்த்தாண்டத்திலேயே விற்றுவிடுவது மேல் என்றே பலருக்கும் சொல்லிவருகிறோம்.

கொண்டுசெல்வதென முடிவெடுத்தால், ஏற்றுமுன் நாற்புறமும் தேதியுடன் புகைப்படம் எடுத்து, கிலோமீட்டர் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். மறுகரையில் சேதம் தென்பட்டால், பெற்றுக்கொண்டதற்கான சீட்டிலேயே அதை எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். வெளியே தெரியாத சேதமெனில் 3 நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சர்வேயர் பார்க்குமுன் பழுது நீக்கலாகாது.

தீவில் குடியேறிய பின் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்துக்கொள்வது சட்டப்படி போதுமானது. ஆனால் 2004 டிசம்பர் 26-ஐ மறவாதோர் அதோடு நிற்கமாட்டார்கள். நிலநடுக்கம், புயல், வெள்ளப்பெருக்கு ஆகியவற்றுக்குச் சொந்தச் சேதப் பிரிவே ஈடு தருகிறது. உப்புக் காற்றால் பிடிக்கும் துருவுக்கோ எந்தப் பிரிவிலும் இடமில்லை. மேலும், சாத்தம் - பாம்பூஃபிளாட் இடையே கார்களையும் ஏற்றிச் செல்லும் படகுகள் ஓடுகின்றன. அன்றாடம் அவ்வழியே செல்லவிருப்போர், அந்தப் பயணம் தங்கள் பாலிசியின் 'உள்நாட்டு நீர்வழி' என்ற சொல்லுக்குள் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு, விடையை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ பெற்றுப் பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.