மாவுப்பூச்சியா, பொறிவண்டின் புழுவா? உங்கள் வீட்டுக் குழந்தை சொல்லும்!

சேந்தமங்கலம் பக்கம் ஒரு குச்சிக்கிழங்கு வயல். கொழுந்துகள் சுருண்டு, வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தன. மருந்து அடிக்கத் தெளிப்பானுடன் தயாராக நின்றார் விவசாயி. என் கை லென்ஸை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்த அவரது பேத்தி, இரண்டாம் வகுப்பு படிப்பவள், "அப்பாரு, இது மட்டும் ஓடுது" என்றாள்.

ஓடியது மாவுப்பூச்சி அல்ல. அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. அதன் உடலிலும் வெள்ளை மெழுகுதான். பெரியவர்கள் நாங்கள் வெள்ளையை மட்டும் பார்த்தோம். அவள் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தாள். அன்று மருந்து அடிக்கவில்லை.

இதில் இழப்பு சிறியதல்ல. மரவள்ளியைத் தாக்கும் இந்த மாவுப்பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் நாட்டில் 2020-ல் கேரளாவில் கண்டறியப்பட்டு, பின்னர் சேலம், நாமக்கல் வயல்களுக்கும் பரவியது. இதைக் கட்டுப்படுத்த 'அனகைரஸ் லோபெசி' என்ற ஒட்டுண்ணிக் குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022-ல் ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிடப்பட்டது. கண்மூடித்தனமாக மருந்து அடித்தால் குளவியும் பொறிவண்டும்தான் முதலில் சாகும்.

எனவே அடுத்த ஞாயிறு உங்கள் குழந்தையை வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு லென்ஸ் போதும். விடையை நீங்கள் சொல்லாமல், கேள்வியை மட்டும் கேளுங்கள்.

* எது பெரிது? வளர்ந்த பொறிவண்டுப் புழு மாவுப்பூச்சியைவிடப் பல மடங்கு பெரிது. மெழுகு இழைகளும் நீளமானவை.
* குச்சியால் மெல்லத் தொட்டால் எது ஓடுகிறது? புழு விரைந்து நகரும். மாவுப்பூச்சி பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.
* மெழுகுக்கு அடியில் என்ன நிறம்? மரவள்ளி மாவுப்பூச்சி இளஞ்சிவப்பு. பப்பாளி மாவுப்பூச்சி மஞ்சள்.
* பழுப்பாக, கெட்டியாக, வட்டத் துளையுடன் கூடு போல் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் குளவி வேலை செய்திருக்கிறது.

பார்த்ததைக் குழந்தை நோட்டில் படமாக வரையட்டும். வாரம் ஒருமுறை அதே செடிகளைப் பார்த்தால், நண்பன் கூடுகிறதா, எதிரி கூடுகிறதா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மருந்து அடித்த வயலுக்குள் குழந்தையை விடாதீர்கள். மரவள்ளி இலையிலும் பச்சைக் கிழங்கிலும் நச்சு உண்டு. வாயில் வைக்கக் கூடாது. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயல்வெளிப் பள்ளி நடத்தும் நாளில், பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியரிடமும் சொல்லுங்கள். சூழ்நிலையியல் பாடத்துக்கு இதைவிட நல்ல வகுப்பறை ஏது?

புழுவோ, துளையிட்ட கூடோ கண்ணில் பட்டால் தெளிப்பானை இறக்கி வையுங்கள். கொழுந்தில் அதிகம் தாக்கிய பகுதியை ஒடித்து, தோட்டக்கலை அலுவலரிடம் காட்டி, அதன் பிறகு முடிவெடுங்கள்.