பக்கமா, செங்கல்லா?

கணிதப் பாடத்தில் ‘ஈக்விலேட்டரல்’ முக்கோணம் வரைகிறீர்கள். உயிரியலில், நீரின் அதிர்வை உணர மீனுக்கு உதவும் ‘லேட்டரல் லைன்’ பற்றிப் படிக்கிறீர்கள். புவியியலுக்குப் போனால் ‘லேட்டரைட்’ என்ற சிவந்த மண் வருகிறது. மூன்றும் ஒரே குடும்பம்தானே என்று நினைத்தால், ஏமாந்தீர்கள்!

முதல் இரண்டு மட்டுமே உறவு. லத்தீன் மொழியில் ‘லத்துஸ்’ என்றால் பக்கம். சமபக்க முக்கோணமும் மீனின் விலாவில் ஓடும் கோடும் அதிலிருந்து வந்தவை. ‘லத்தெர்’ என்றால் செங்கல். வேற்றுமை உருபு ஏறும்போதுதான் குழப்பம்: ‘பக்கத்தின்’, ‘செங்கல்லின்’ இரண்டுக்குமே ‘லத்தெரிஸ்’ என்ற ஒரே வடிவம். போதாததற்கு, நெடிலாக ‘லாத்துஸ்’ என்றால் ‘அகன்ற’ என்று பொருள். ‘லாட்டிடியூட்’ அங்கிருந்து வந்தது. குறில் நெடில் தெரிந்த நமக்கு இது புதிதா என்ன?

சரி, மண்ணுக்கு எதற்குச் செங்கல்லின் பெயர்? ஸ்காட்லாந்து மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1800-இல் தென்னிந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் ஒரு விநோதத்தைக் கண்டார். நிலத்தடியில் மென்மையாக இருந்த செம்மண் பாறையை மக்கள் இரும்புக் கருவியால் கட்டிகளாக வெட்டி எடுத்தார்கள். காற்றுப் பட்டதும் அது கல்லாக இறுகியது. சூளையே வேண்டாம்! 1807-இல் வெளியான தம் நூலில் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். உள்ளூர் மொழிகள் சிலவற்றில் அதை ‘இட்டிகைக் கல்’, அதாவது செங்கல் கல், என்று அழைப்பதையும் அவரே குறித்துள்ளார். உலகம் முழுவதும் வழங்கும் அறிவியல் பெயருக்குள் ஊர் மக்கள் வைத்த பெயரின் பொருளே இருக்கிறது.

வெப்பமும் கனமழையும் சேர்ந்த இடங்களில்தான் இது உருவாகும். பாறை சிதையும்போது கால்சியம், மக்னீசியம் போன்றவற்றையும் சிலிக்காவின் பெரும்பகுதியையும் மழைநீர் கரைத்துக்கொண்டு போய்விடும். எளிதில் கரையாத இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் தங்கிவிடும். சிவப்பு நிறம் இரும்பின் வேலை, அதாவது துருவின் நிறம். ஈரம் வற்ற வற்ற அந்த இரும்புச் சேர்மங்களே மண்ணைப் பிணைத்துக் கெட்டிப்படுத்துகின்றன.

இதைப் பார்க்கக் கேரளம் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் தானா மேரா, முன்பு கடலோரத்தில் தெரிந்த செம்மண் மேடுகளால் பெயர் பெற்ற இடம். மலாக்காவில் போர்த்துகீசியர்கள் கோட்டை கட்டியபோதும் இந்தக் கல்லைத்தான் வெட்டினார்கள். இன்றும் எஞ்சி நிற்கும் அதன் வாசலுக்குப் பள்ளிச் சுற்றுலா போனால், படம் பிடித்துவிட்டு ஓடிவிடாமல் கற்களைக் கிட்டே நின்று பாருங்கள். துருவேறிய இரும்பின் நிறம் தெரியும்.