ரத்தப் புற்றுநோய்: புதிய சிகிச்சைக்கு அனுமதி உண்டு, நிதி?

கொல்கத்தா: பெஹாலாவைக் கடந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே சென்றால் தாக்குர்புகூர். மருத்துவர் சரோஜ் குப்தா 1973-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்குதான் உள்ளது. 2022 டிசம்பர் 30-ல் ஜோகா-தாராதலா மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபின் பெஹாலாவாசிகளுக்குப் பயணம் எளிதாகிவிட்டது. சிகிச்சைச் செலவுதான் எட்டாத உயரத்தில் நிற்கிறது.

ரத்தப் புற்றுநோயின் தந்திரம் விசித்திரமானது. உடலைக் காக்க வேண்டிய டி-அணுக்களையே அது முடக்கிவிடுகிறது. "தாக்காதே" என உத்தரவிடும் புரதத்தைப் புற்றணுக்கள் பல தம் மேற்பரப்பில் தாங்கி நிற்கின்றன. எதிர்ப்பாற்றலைக் கட்டுப்படுத்தும் வேறு வெள்ளணுக்களையும் தம் பக்கம் இழுத்துக் கொள்கின்றன. நாளடைவில் டி-அணுக்கள் சோர்ந்து போகின்றன. இத்தகைய தடையை நீக்கும் வழியைக் கண்டறிந்த ஜேம்ஸ் ஆலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-ல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்துகள் ஹாட்ஜ்கின் லிம்போமாவில் நல்ல பலன் தந்தன. மற்ற ரத்தப் புற்றுநோய்கள் பலவற்றில் அவ்வளவாக எடுபடவில்லை.

மற்றொரு வழி 'கார்-டி'. நோயாளியின் டி-அணுக்களை வெளியே எடுத்து, மரபணு மாற்றம் செய்து, புற்றணுவை அடையாளம் காணும் திறனுடன் மீண்டும் செலுத்துவது. அதற்கு முன், உள்ளே தடையாக இருக்கும் அணுக்களை அகற்ற, நோயாளியின் எதிர்ப்பாற்றலையே மருந்தால் குறைக்க வேண்டும். அந்நாள்களில் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்துதான்.

மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய 'நெக்ஸ்கார்19' சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் மத்திய அரசின் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு தொடங்கி வைத்தார். மற்ற சிகிச்சைகள் கைவிட்ட பி-அணுப் புற்றுநோயாளிகளில் சுமார் 73 சதவீதத்தினருக்குப் பலன் கிடைத்ததாக 2025-ல் 'லான்செட் ஹீமட்டாலஜி' இதழ் வெளியிட்ட ஆய்வு கூறியது.

வெளிநாடுகளில் ரூ.3 கோடிக்கு மேல் ஆகும் இச்சிகிச்சை, இங்கு சுமார் ரூ.30 முதல் 40 லட்சம் என்ற அளவில் அறிமுகமானது. பத்தில் ஒரு பங்கு என்று பெருமைப்படலாம். பெஹாலாவின் சிறு கடைக்காரருக்கு அதுவும் பல ஆண்டு வருமானம்.

அரசியலோ வேறு திசையில் சென்றது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலிருந்து 2019 ஜனவரியில் மேற்கு வங்கம் விலகி, தனது 'ஸ்வாஸ்த்ய சாத்தி'யை முன்னிறுத்தியது. யாருடைய திட்டம் சிறந்தது என்று தில்லியும் கொல்கத்தாவும் மோதின. இரண்டும் ஒரு குடும்பத்துக்கு அளித்த ஆண்டு வரம்பு அதே ரூ.5 லட்சம்தான். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கான மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதியிலும் உச்சவரம்பு ரூ.15 லட்சம்.

2025 பட்ஜெட்டில் 36 உயிர்காக்கும் மருந்துகளுக்குச் சுங்க வரி விலக்கு அறிவிக்கப்பட்டது. உள்நாட்டிலேயே, ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தயாராகும் அணுக்களுக்கு அச்சலுகை நேரடியாகப் பயன்படாது.