ஈஸ்ட் மூச்சு விடுவதைப் பார்த்தவர்

பேக்கரி ஈஸ்ட்டைத் தண்ணீரில் கரைத்தால் அரிசி கழுவிய நீர்போல் ஒரு கலங்கல்தான் கிடைக்கும். அதற்குள் நிறம் ஏதும் ஒளிந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

டேவிட் கெய்லினுக்கும் முதலில் தோன்றவில்லை. கேம்பிரிட்ஜில் குதிரையின் வயிற்றில் வளரும் ஒருவகை ஈயை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வளர்ந்த ஈயின் தசையை நிறமாலைக்காட்டி வழியே பார்த்தபோது, வானவில் பட்டையின் குறுக்கே நான்கு கருங்கோடுகள் தெரிந்தன. அதே கோடுகள் ஈஸ்ட் கலங்கலிலும் இருந்தன. கலங்கல் இருந்த குழாயை நன்றாகக் குலுக்கிக் காற்றைக் கலந்துவிட்டு மறுபடி பார்த்தார்: கோடுகளைக் காணோம்! சில நொடிகளில், கண்ணெதிரே, அவை மெல்லத் திரும்பி வந்தன. உயிருள்ள செல் மூச்சு விடுவதைக் கண்ணால் பார்த்த அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

நடந்தது இதுதான். ஹீம் என்ற வளையத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. இரும்பின் நிலை மாறினால், வளையம் விழுங்கும் ஒளியும் மாறும். உணவிலிருந்து வரும் எலக்ட்ரானை இரும்பு வாங்கி வைத்திருக்கும்போது கோடுகள் பளிச்சென்று தெரியும். ஆக்சிஜன் வந்ததும் எலக்ட்ரான் அதனிடம் போய்விடும், கோடுகளும் மங்கிவிடும். ஈஸ்ட் அந்த ஆக்சிஜனைத் தீர்த்ததும் இரும்பில் மறுபடி எலக்ட்ரான் சேரும். ஹீமைத் தாங்கிய இந்தப் புரதங்களுக்குக் கெய்லின் 1925இல் சைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார். அவற்றில் 'சி' வகையின் கோடு 550 நானோமீட்டரில் விழும்.

ரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் இதே ஹீம்தான். ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்போது 541, 577 நானோமீட்டர்களில் இரண்டு கோடுகள். விட்டுவிட்டால் 555 அருகே அகலமாக ஒன்று. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு ஒளிகளைக் கொண்டு இந்த நிற வேறுபாட்டைத்தான் அளக்கிறது.

ஆனால் தசையில் சைட்டோகுரோம் கோடுகளை முதலில் கண்டவர் கெய்லின் அல்ல. இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டனில் வைத்தியம் பார்த்துவந்த சார்லஸ் மக்மன், 1880களிலேயே அவற்றைப் பதிவுசெய்து, அவற்றை உண்டாக்குவது சுவாசத்துக்கான நிறமி என்றும் சொல்லிவிட்டார். ஹீமோகுளோபினுக்குப் பெயர் சூட்டிய ஹாப்பே-சைலரோ, அது ஹீமோகுளோபின் சிதைந்து வந்ததுதான் என்று மறுத்தார். தம் ஆய்விதழிலேயே இனி விவாதம் தேவையில்லை என்று குறிப்பும் போட்டுவிட்டார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று மற்றவர்களும் வாய்மூடினார்கள். மக்மன் 1911இல் இறந்தார். பதினான்கு ஆண்டு கழித்து வந்த கெய்லினின் கட்டுரை, மக்மனின் பெயரோடுதான் தொடங்குகிறது.