இயங்குதளம் எழுவதற்கு முன்

சர்வரை முதன்முதலில் ஆன் செய்து பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்: கெட்டுப்போன பெட்டியோ? மின்விசிறிகள் பேரிரைச்சலோடு சுற்றி அடங்கும். அதன் பிறகு பல நிமிடங்களுக்குத் திரையில் பெரிதாக ஒன்றும் நகராது. பெட்டிக்கு உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. மதர்போர்டில் உள்ள ஒரு சிறு நிரல் ரேம் பலகைகளைச் சோதித்து, அவற்றோடு பிசகின்றிப் பேசுவதற்கான நேரக் கணக்கைச் சரிசெய்து, செருகியிருக்கும் அட்டைகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இந்த இடைவெளியில் டெல் பவர்எட்ஜ் என்றால் எஃப்2, எச்பி புரோலயன்ட் என்றால் எஃப்9 விசையைத் தட்ட வேண்டும். சிஸ்டம் செட்டப் திரை திறக்கும். லினக்ஸோ விண்டோஸோ அப்போது இன்னும் தலைகாட்டியிருக்காது.

1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இப்படி ஒரு திரை கிடையாது. எத்தனை ஃபிளாப்பி டிரைவ், எவ்வளவு நினைவகம் என்பதை மதர்போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளித்தான் சொல்ல வேண்டும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி அதை மாற்றியது. அதன் கடிகாரச் சில்லில் 64 பைட் நினைவகம் இருந்தது. கடிகாரத்துக்கு 14 போக, மிச்சம் 50 பைட்டில் கணினியின் அமைப்புகள் அடங்கின. மின்சாரம் போனாலும் ஒரு பேட்டரி அவற்றைக் காத்தது. செட்டப் நிரல் மட்டும் தனி ஃபிளாப்பியில் வந்தது. பிற்பாடுதான் அது மதர்போர்டுச் சில்லுக்குள்ளேயே குடியேறியது. பயாஸ் என்று நாம் பழகிய அந்த நிரலின் இடத்தை இன்றைய சர்வர்களில் யூஇஎஃப்ஐ பிடித்திருக்கிறது.

திரைக்குள் நுழைந்தால் பட்டியலுக்குள் பட்டியலாக நூற்றுக்கணக்கான வரிகள். பெரும்பாலானவற்றைத் தொடவே வேண்டாம். தொட வேண்டிய சிலவற்றிலோ, ஒன்றைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நினைவக மிர்ரரிங்கைப் பாருங்கள். ஒரே தரவை இரண்டு இடத்தில் எழுதி வைத்தால், ஒரு ரேம் பலகை பழுதானாலும் சர்வர் நிற்காது. ஆனால் 256 ஜிபி வாங்கிப் போட்டவருக்கு 128 ஜிபிதான் மிஞ்சும். வங்கிக் கணக்குகளைத் தாங்கும் சர்வருக்கு அது நியாயமான செலவு. பத்து சர்வர்கள் ஒரே வேலையைப் பகிர்ந்து செய்யும் இடத்தில் காசு வீண்.

மின்சிக்கன அமைப்பும் அப்படித்தான். வேலை இல்லாதபோது பிராசசர் கோர்கள் தூங்கப் போகின்றன. எவ்வளவு ஆழ்ந்து தூங்குகின்றனவோ, எழுவதற்கு அவ்வளவு நேரம். மைக்ரோ செகண்டு கணக்குதான் என்றாலும், பங்குச்சந்தை வர்த்தகம் போன்ற இடங்களில் அதுவே அதிகம். அங்கே 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு மின் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். சாதாரண அலுவலகக் கோப்பு சர்வரிலும் அதையே வைத்துவிட்டு ஏசி பில்லைப் பார்த்துப் புலம்புவதில் அர்த்தமில்லை.

எனக்குப் பிடித்த வரி, யாரும் அதிகம் கண்டுகொள்ளாத ஒன்று: கரண்ட் போய் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? தானாக ஆன் ஆகலாம், அணைந்தே கிடக்கலாம், அல்லது கரண்ட் போகும்போது எந்த நிலையில் இருந்ததோ அதற்கே திரும்பலாம். ஆளில்லாத கிளை அலுவலகத்தில் 'அணைந்தே' என்று விட்டுவைத்தால், பட்டனை அழுத்த யாராவது பஸ் ஏறிப் போக வேண்டும். ஒரு ரேக் முழுக்க 'ஆன்' என்று வைத்தாலோ, கரண்ட் வந்த நொடியில் எல்லா சர்வர்களும் ஒருசேர மின்சாரத்தை இழுக்கும். பிரேக்கர் விழுந்தாலும் விழலாம். அதற்காகவே பவர்எட்ஜ் சர்வர்களில் 'ரேண்டம்' தாமதம் என்று ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு சர்வரும் சற்று முன்பின்னாக எழும்.

பூட் முறையில் மட்டும் எச்சரிக்கை தேவை. பழைய பயாஸ் முறையில் இயங்குதளம் நிறுவிய சர்வரை யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் அது பெரும்பாலும் பூட் ஆகாது. டிஸ்க் செத்துவிட்டது என்று நினைத்து மீண்டும் நிறுவுபவர்கள் உண்டு. பழைய முறைக்குத் திருப்பினாலே போதும். புதிதாக நிறுவுவதானால் யூஇஎஃப்ஐயே நல்லது. பழைய முறையின் பகிர்வு அட்டவணையால் வழக்கமான டிஸ்க்கில் சுமார் 2 டிபிக்கு மேல் எட்ட முடியாது.

ஆயிரம் சர்வர்கள் உள்ள தரவு மையத்தில் யாரும் எஃப்2 தட்டிக்கொண்டு திரிவதில்லை. ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஐடிராக், ஐலோ போன்ற தனிக் குட்டிக் கணினி ஒன்று எப்போதும் விழித்திருக்கும். 2015-இல் வெளியான ரெட்ஃபிஷ் என்ற பொது நெறிமுறை வழியாக அதற்குக் கட்டளை அனுப்பினால் போதும். ஒரு சர்வரில் சரிபார்த்த அமைப்பை அப்படியே மற்றவற்றுக்கும் பரப்பலாம். ஆனால் பயாஸ் மாற்றம் உடனே அமலாகாது. அடுத்த ரீபூட் வரை வரிசையில் காத்திருக்கும். ஆகவே இந்த வேலையை ஞாயிறு அதிகாலைப் பராமரிப்பு நேரத்துக்குத் தள்ளிப்போடுவார்கள்.