மூச்சுமுட்டும் சி டிரைவ்

சர்வரில் இடம் தீர்ந்தால் கை தானாக டெலீட் பட்டனுக்குப் போகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இடத்தின் அருமையை மும்பைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்துக்குப் பத்து கோலியில் குடும்பமும் தையல் மிஷினும் சேர்ந்து வாழும் தாராவியில், பரண் நிறைந்துவிட்டால் வீடே திணறும். அதே தாராவியின் தோல் பைப் பட்டறைகள், மாதுங்காவின் கடைகள், செம்பூரின் ஆடிட்டர் அலுவலகங்கள் பலவற்றில் இப்போது இன்னொரு பரணும் உண்டு: மேஜைக்கடியில் இரைந்துகொண்டிருக்கும் சர்வர். பில், ஜி.எஸ்.டி. கணக்கு, சம்பளப் பட்டியல் எல்லாம் அதற்குள்தான்.

இந்தப் பரண் நிறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. விண்டோஸ் குடியிருக்கும் சி டிரைவில் இடம் தீர்ந்தால் அப்டேட்டுகள் தோற்கும், பேக்கப் நிற்கும், கணக்கு மென்பொருள் புதிய பில்லை ஏற்க மறுக்கும். வாசலில் டெம்போ காத்திருக்கும், சரக்கு நகராது.

சிறிய கடைகளின் தலைவலி மட்டுமல்ல இது. 2023 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 கார் தொழிற்சாலைகளும் நின்றன. பலரும் சந்தேகித்தது சைபர் தாக்குதலை. நிறுவனம் பின்னர் சொன்ன காரணம் வேறு. ஆகஸ்ட் 27 அன்று நடந்த வழக்கமான பராமரிப்பில், டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தகவல்களை அழித்து ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் போய், உதிரிபாக ஆர்டர்களைக் கவனிக்கும் சர்வர்கள் முடங்கின. மாற்று சர்வர்களும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் கைகொடுக்கவில்லை. அதிகக் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தகவல்களை மாற்றிய பிறகே ஆலைகள் மறுபடி ஓடின.

சுத்தம் செய்யப்போன இடத்தில்தான் விபத்து. அழிப்பதற்கும் இடம் தேவை என்பது பலருக்குத் தெரிவதில்லை. எதை நீக்கப்போகிறோம் என்பதை டேட்டாபேஸ் முதலில் தன் லாக் கோப்பில் எழுதிக்கொள்ளும், நடுவில் மின்சாரம் போனாலும் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக. பரணைக் காலி செய்யத் தரையில் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதுபோலத்தான்.

அதனால் முதல் வேலை அழிப்பதல்ல, பிரிப்பது. தாராவியின் 13-ம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை நிறமும் ரகமும் பார்த்துப் பிரிப்பவர்களின் பொறுமை இங்கேயும் தேவை. டெம்ப் ஃபோல்டரில் கிடக்கும் பழைய தற்காலிகக் கோப்புகளும் ரீசைக்கிள் பின்னில் கிடப்பவையும் கழிவு, வீசலாம். சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்த மூலக் கோப்புகளும் பழைய பேக்கப்புகளும் சரக்கு. வேறு டிரைவுக்கு மாற்றினால் போதும். மூன்றாவது ரகம் கைவைக்கக் கூடாதது. விண்டோஸுக்குள் பெரிதாகத் தெரியும் 'வின்எஸ்எக்ஸ்எஸ்' ஃபோல்டரைக் கையால் அழித்தால் சர்வர் எழுந்திருக்காமலே போகலாம். அதைக் குறைக்க விண்டோஸே 'டிஸ்ம்' என்ற கருவியைத் தருகிறது. எஸ்.க்யூ.எல். சர்வரின் லாக் கோப்பு வீங்கியிருந்தால் அதை அழிக்கக் கூடாது. பெரும்பாலும் அது முறையாக லாக் பேக்கப் எடுக்காததன் அடையாளம்.

நான்காவதாக ஒரு ரகமும் உண்டு: சட்டம் காப்பவை. கம்ப்யூட்டர் அமைப்புகளின் லாக் பதிவுகளை நிறுவனங்கள் 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் உத்தரவிட்டது. கம்பெனிகள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் காக்க வேண்டும். கணக்கில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் மென்பொருள் பதிந்துவைக்க வேண்டும் என்ற விதியும் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. டிஸ்க்கில் இடமில்லை என்ற சமாதானம் இவற்றுக்குச் செல்லாது.

நிரந்தரத் தீர்வு சாதாரணமானது. சி டிரைவில் விண்டோஸ் மட்டும் இருக்கட்டும். கணக்கும் பேக்கப்பும் வேறு டிஸ்க்குகளுக்குப் போகட்டும். ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கும்போதே எச்சரிக்கை வரும்படி அமைத்துக்கொள்ளலாம். அழிக்குமுன் ஒரு பேக்கப், அதைத் திறந்து பார்த்து ஒரு சோதனை. மாதத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கினால், மார்ச் 31 இரவு யாரும் பதற்றத்தில் டெலீட் பட்டனைத் தேட வேண்டியிருக்காது.