பேருருவ நாயும் அதன் உணவும்

நாய்க்கு நம் முன்னோர் வழங்கிய பெயர்கள் பல. ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் என்பன அவற்றுட் சில. பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. ஆயின் அவ்வொரு பொருளுக்குள் அடங்கும் உருவ வேற்றுமையோ மிகப் பெரிது. 2 கிலோ எடையுள்ள சிவாவா என்னும் மெக்ஸிகோ நாட்டு நாயும் நாயே; 60 கிலோவிற்கு மேற்பட்டு, நாற்காலியில் அமர்ந்திருப்பவர் முகத்தைத் தான் நின்ற நிலையிலேயே நோக்கவல்ல கிரேட் டேன் என்பதும் நாயே. செயிண்ட் பெர்னார்ட், மாஸ்டிப், நியூபவுண்ட்லாந்து முதலியனவும் இப்பேருருவ வகையைச் சார்ந்தன. இவற்றுள் கிரேட் டேனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இதனைக் குறித்து நிகழ்ந்த உணவாராய்ச்சிகள் பல என்பது ஒரு காரணம். நம் நகரங்களிலும் இதனை விரும்பி வளர்ப்போர் உளர் என்பது மற்றொன்று.

பெயரைக் கண்டு இதனை டென்மார்க்கு நாட்டினது எனக் கொள்ளற்க. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கை நூலார் பியூபோன் இட்ட பெயரைப் பின்பற்றியே ஆங்கிலேயர் இதனை அவ்வாறு அழைக்கலாயினர். உண்மையில் இது காட்டுப்பன்றி வேட்டைக்கென ஜெர்மானியர் பேணிய இனம். 1876-இல் அந்நாட்டின் தேசிய நாயெனவும் கொள்ளப்பட்டது. அமைச்சர் பிஸ்மார்க்கு இவ்வினத்து நாய்களைத் தம்முடன் வைத்திருந்தமை வரலாறு படித்தோர் அறிந்ததே. ஆண் நாயின் தோளுயரம் 80 சென்டிமீட்டருக்குக் குறைதல் ஆகாது என்பது இக்காலத்து ஐரோப்பிய இனவிதி. நிற்க.

இத்துணைப் பெரிய உடம்பு நெடுநாள் நிலைப்பதில்லை. சிறு நாய்கள் பதினான்கு பதினைந்து ஆண்டு உயிர் வாழ்தல் இயல்பாக இருக்க, கிரேட் டேனுக்கு எட்டு முதல் பத்து ஆண்டே வாய்க்கின்றது. அக்குறுகிய வாழ்நாளிலும், கடைசி ஆண்டுகளை எழமாட்டாது படுத்துக் கழிப்பன பல. இதற்குப் பிறப்புவழிக் காரணங்கள் உண்டு. அவற்றை வளர்ப்போர் மாற்ற இயலாது. உணவுவழிக் காரணங்களும் உண்டு. அவை முற்றும் வளர்ப்போர் கையில் உள்ளன. அவற்றுட் பெரும்பாலன மிகுதியாக ஊட்டுவதனால் விளைகின்றன என்பதே யாம் சொல்லப் புகுந்தது. பட்டினி இடாத வரையில், நாயின் உயரத்தை உணவு கூட்டுவதுமில்லை குறைப்பதுமில்லை. அது தாய் தந்தையர் வழியாக வருவது. உணவு மாற்றக்கூடியது அவ்வுயரத்தை அடையும் விரைவு ஒன்றையே. அவ்விரைவுதான் தீங்கிற்கு வாயில் ஆகின்றது.

அஃது எவ்வாறு என்பதைச் சற்று விரித்துரைப்போம். மனிதக் குழவி பிறக்கும்போது 3 கிலோ அளவில் உளது. பதினெட்டு ஆண்டில் அதனைப் போல் இருபது மடங்கு ஆகின்றது. கிரேட் டேன் குட்டி பிறக்கும்போது அரைக் கிலோவிற்குச் சற்று மேற்பட்டது. பதினெட்டு மாதத்திற்குள் ஏறத்தாழ நூறு மடங்கு ஆகின்றது. சிறு நாய்கள் எட்டு அல்லது பத்து மாதத்தில் வளர்ச்சி முடிந்து அடங்குகின்றன. பேருருவ நாய்க்கோ பதினெட்டு முதல் இருபத்துநான்கு மாதம் வேண்டும். நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலாகிய மெல்லிய தட்டுக்கள் உள்ளன. எலும்பு நீள்வது அவ்விடத்தே. அத்தட்டுக்கள் முற்றி எலும்பாகும் வரையில் கால்கள் பச்சைமண் சுவரைப் போன்றன. சுவர் உலருமுன் அதன்மேல் மாடி எழுப்பினால் யாது நிகழும்? எலும்பு முதிருமுன் உடல் எடை ஏறினால் நிகழ்வதும் அதுவே. மூட்டுக் குருத்தெலும்பு வெடிக்கின்றது, முன்னங்கால் வளைகின்றது, இடுப்பு மூட்டு பொருந்தாது தளர்கின்றது.

இனி, முதிர்ச்சியை நெருங்கும் பருவத்தைப் பற்றிக் கூறுவோம். இப்பருவத்தில் தான் வளர்ப்போர் பெரிதும் மயங்குகின்றனர். பால் மறந்த குட்டிக்கு, அதே எடையுள்ள வளர்ந்த நாயின் தேவையைப் போல் இரு மடங்கு உணவு வேண்டும். முழு எடையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வந்தபின் அவ்விரு மடங்கு 1.6 மடங்காகக் குறைகின்றது. எண்பது பங்கு வந்தபின் 1.2 மடங்கே போதும். முழுதும் வளர்ந்தபின் மிகை ஒன்றும் வேண்டுவதில்லை. ஆதலின், நாய் பெருகப் பெருக அதன் உணவும் அதே வீதத்திற் பெருகுதல் வேண்டும் என எண்ணுவது தவறு. பத்து மாதத்தினின்று பதினைந்து மாதம் வரையில், எடை மெல்ல ஏறிக்கொண்டிருக்கவும், உண்ணும் அளவு நின்றுவிடும். சிலபோது சிறிது இறங்கவும் செய்யும். நேற்றுவரை கலத்தை நக்கித் துடைத்த நாய் இன்று பாதியை விட்டு எழுந்து போகும். இது நோயன்று. வளர்ச்சி என்னும் கடன் தீர்ந்துவருவதன் அறிகுறி.

எம் விடுதித் தோழர் ஒருவர் இல்லத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. பதினொரு மாதத்து ஆண் நாய் உணவில் மிச்சம் வைக்கத் தொடங்கியதும் வீடு முழுவதும் கவலையில் ஆழ்ந்தது. பாட்டியார் சோற்றில் நெய் வார்த்தார். அவ்வாசைக்கு நாயும் உண்டது. தந்தையார் நாளும் நான்கு முட்டை சேர்த்தார். நாயுணவு விற்கும் கடைக்காரர், இத்துணைப் பெரிய எலும்புக்கு இது வேண்டாமோ என்று கூறிக் கால்சியக் குழம்பு ஒரு புட்டி தந்தார். இரண்டு மாதத்தில் அந்நாய் முன்னங்காலை ஊன்றாது நொண்டலாயிற்று. மருத்துவர் வந்து மருந்து ஒன்றும் பெரிதாக எழுதவில்லை. நெய்யையும் புட்டியையும் நிறுத்தி, உணவைப் படிப்படியாகக் குறைத்து, ஓட்டத்தை விடுத்து மெல்ல நடத்துமாறு கூறிச் சென்றார். நொண்டல் தணிய ஐந்து மாதம் ஆயிற்று. அன்பினாற் செய்தது தானே, அதனால் என்ன கேடு வரும் என்று பாட்டியார் இன்றும் கேட்கின்றார் என்பர்.

அக்கேள்விக்கு விடை ஆராய்ச்சி நிலையங்களில் உளது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக் கழகத்தார் கிரேட் டேன் குட்டிகளை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூற்றிற்கு வேண்டுமளவும் உண்ணச் செழித்த உணவு இட்டனர். மற்றதற்கு அவ்வளவில் மூன்றில் இரண்டு பங்கே இட்டனர். 1974-இல் வெளிவந்த முடிவு இது: விரும்பியவாறு உண்டவை விரைந்து பருத்தன, அவற்றின் எலும்புகளிலும் மூட்டுக்களிலும் பலவகைக் கோளாறுகள் தோன்றின. அளவாக உண்டவை அத்தகைய துன்பத்தினின்று பெரிதும் தப்பின. அதற்குப் பின்னர், ஹாலந்து நாட்டு யூட்ரெக்ட் நகரப் பல்கலைக் கழகத்தார் கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்தைத் தனியே எடுத்து ஆராய்ந்தனர். உலர்ந்த உணவில் நூற்றுக்கு 1.1 பங்கு கால்சியம் பெற்ற குட்டிகளையும் 3.3 பங்கு பெற்றவற்றையும் ஒப்பிட, மிகுதி பெற்றவற்றின் எலும்பு முதிர்ச்சி தடைப்பட்டுக் குருத்தெலும்பு கெட்டிருக்கக் கண்டனர். ஆறு மாதம் நிரம்பாத குட்டியின் குடல் வேண்டாத கால்சியத்தை விலக்கும் ஆற்றலை முழுதும் பெறாதது. வந்ததை எல்லாம் ஏற்றுக்கொள்ளும். வளர்ந்தபின் அவ்வாற்றல் வரினும், புட்டியிற் கிடைப்பது பயன் தருவதென்பதற்கு அது சான்றாகாது. அமெரிக்காவில் தீவன விதி வகுக்கும் சங்கத்தார், வளரும் பெருநாய்களுக்கு உலர்ந்த உணவில் 1.8 பங்குக்கு மேல் கால்சியம் கூடாதென இப்போது வரையறுத்துள்ளனர்.

இவ்விடத்து ஒரு பிழையான கொள்கையையும் விலக்குதல் நன்று. மாமிசமும் முட்டையும் தரும் புரதமே எலும்பைக் கெடுக்கின்றது எனப் பலர் நம்புகின்றனர். அதே யூட்ரெக்ட் நிலையத்தார் 1991-இல் இதனையும் சோதித்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 15 பங்கு முதல் 32 பங்கு வரை புரதம் கொடுத்தும் கிரேட் டேன் குட்டிகளின் எலும்பில் அதனால் விளைந்த கேடு ஒன்றும் காணவில்லை. குற்றம் புரதத்தின்மேலன்று, மொத்த அளவின்மேலும் கால்சிய மிகுதியின்மேலும் ஆம்.

கால்சியம் மிகுதல் தீது என்றமையால் அறவே வேண்டா என்பது கருத்தன்று. வெறும் மாமிசமும் சோறுமாக வீட்டிற் சமைத்து இடுவோர் எதிர்ப்பக்கத்துப் பள்ளத்தில் வீழ்கின்றனர். எலும்பு நீக்கிய மாமிசத்தில் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. அவ்வுணவையே உண்ணும் குட்டி தன் எலும்பிலுள்ள சுண்ணாம்பைத் தானே கரைத்துக்கொள்ளும். கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, சிறிது மிகுந்தோ இருத்தல் வேண்டும். இரு மடங்கிற்கு மேற்படலாகாது. ஆதலின் பெருநாய்க் குட்டிகளுக்கெனச் சத்துக்கள் யாவும் நிரவிச் செய்த உணவை வாங்கி இடுவோர் அதனுடன் வேறு சுண்ணாம்பு எதனையும் சேர்த்தல் கூடாது. வீட்டிற் சமைப்போர் கால்நடை மருத்துவரிடம் கணக்குக் கேட்டே சமைத்தல் வேண்டும். இருவரும் செய்யத்தகாதது ஒன்று உண்டு; வெந்த எலும்பை நாய்க்கு எறிதல். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

எவ்வளவு இடுவது? ஆறு மடங்கு எடையுள்ள நாய் ஆறு மடங்கு உண்ணும் என நாம் கருதுவோம். அங்ஙனம் அன்று. உயிர்கள் பெரியவாகுந்தோறும் ஒவ்வொரு கிலோவிற்கும் வேண்டும் உணவு குறைகின்றது என்பதை மாக்ஸ் கிளைபர் என்பார் 1932-இல் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கின்படி, நாளும் ஓரளவு உலாவும் 10 கிலோ நாய்க்கு 730 கிலோகலோரி வேண்டுமாயின் 60 கிலோ நாய்க்கு 2,800 வேண்டும். நான்கு மடங்கிற்கும் குறைவு. கடையில் விற்கும் உலர்ந்த உணவு 100 கிராமில் 350 முதல் 400 கிலோகலோரி வரை இருத்தலால், இது நாளொன்றிற்கு 700 முதல் 800 கிராம் ஆகும். இவ்வெண்ணும் தொடக்கத்திற்கே உதவும். எடை ஒன்றாயினும் இனத்திற்கேற்பத் தேவை வேறுபடுகின்றது. நியூபவுண்ட்லாந்து நாய் கணக்கினும் குறைவாக உண்டு பருக்கும் இயல்பினது, இளமைத் துடிப்புள்ள கிரேட் டேனோ கணக்கினும் மிகுதியாக உண்டும் மெலிந்து நிற்பது உண்டு.

ஆகவே தராசைக் காட்டிலும் கையே நல்ல அளவுகோல். நாயின் விலாவை விரல்களால் மெல்லத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு விலா எலும்பும், விரித்த புறங்கையின் எலும்புகளைப் போல, மெல்லிய தோலின்கீழ்ப் புலப்படுதல் வேண்டும். மடக்கிய முட்டியின் கணுக்களைப் போலப் புடைத்திருந்தால் உணவு போதாது. உள்ளங்கையைத் தடவினாற்போல ஒன்றும் தோன்றாதாயின் உணவு மிகுதி. மேலிருந்து நோக்கின் இடை ஒடுங்கியிருத்தல் வேண்டும். வளரும் பேருருவ நாய் சிறிது மெலிந்தே காணப்படுதல் நலம். வருவோர் போவோர் ‘ஏன் இப்படி இளைத்திருக்கிறது?’ என்று வினவுவர். அவர்க்கு விடையிறுக்கும் பொறுமையும் இந்நாயை வளர்ப்பார்க்கு வேண்டும். ராஜபாளையத்து நாயின் ஒடுங்கிய வயிற்றை அழகெனப் போற்றும் நம்மவர், வெளிநாட்டு நாயின் வயிறு மட்டும் உருண்டிருக்க விரும்புவது வியப்பே.

அளவாக உண்பதால் வரும் நன்மை இளமையோடு நிற்பதன்று. 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றிற்கு மற்றதினும் நூற்றுக்கு 25 பங்கு குறைவாக வாழ்நாள் முழுதும் உணவிட்ட ஆராய்ச்சி ஒன்று 2002-இல் வெளிவந்தது. குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13.0 ஆண்டு, மிகுதியாக உண்டவற்றினது 11.2 ஆண்டு. மூட்டு வாதமும் முன்னவற்றிற்குப் பிந்தியே வந்தது. லாப்ரடார் பேருருவ நாய் அன்று. ஆயினும், எட்டாண்டே வாழும் நாயை உடையார்க்கு இதனினும் கேட்கத்தகுந்த செய்தி வேறு யாதுளது? திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுவதை இவ்விடத்து நினைத்துக்கொண்டோம். தமிழ் மாணவராதலின் நினையாதிருக்க இயலவில்லை.

குட்டியுணவை விட்டுப் பெரியநாய் உணவிற்கு மாற்றும் காலம், பதினெட்டு மாதத்திற்கும் இருபத்துநான்கு மாதத்திற்கும் இடைப்பட்டது. மாற்றம் திடீரென நிகழலாகாது. முதலிரண்டு நாள் கால் பங்கு புதிய உணவைக் கலந்து, பின் அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஏழு முதல் பத்து நாளில் முடித்தல் வேண்டும். அன்றேல் வயிறு போகும்.

நாளுக்கு ஒரு வேளை மட்டும் இடும் வழக்கம் இந்நாய்க்கு ஆகாது. இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பகுத்து இடுதல் வேண்டும். இதற்குக் காரணம் இரைப்பை முறுக்கு என்னும் கொடுநோய். ஆழ்ந்த மார்புடைய பெருநாய்களின் இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும்; குருதியோட்டம் நின்று, சில மணி நேரத்தில் உயிர் போகும். இந்நோய்க்கு மிகுதியும் ஆளாவது கிரேட் டேனே. ஒரே வேளையிற் பேரளவு உண்பதும், விரைந்து விழுங்குவதும் இதற்கு ஏதுவாவன. கழுத்து நோகுமே என்று உணவுக் கலத்தை முக்காலிமேல் உயர்த்தி வைப்பாரும் உளர். பர்டூ பல்கலைக் கழகத்தார் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, அவ்வாறு உயர்த்திய கலத்தில் உண்ட பெருநாய்களிடமே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது என்கிறது. கலம் தரையிலேயே இருக்கட்டும். உண்டபின் ஓரிரு மணி நேரம் ஓடவோ குதிக்கவோ விடலாகாது. வயிறு பறைபோல் உப்புதல், ஒன்றும் வெளிவராமலே ஓங்கரித்தல், எச்சில் ஒழுகுதல், நிலைகொள்ளாது உலவுதல் ஆகிய குறிகள் தோன்றின், கைம்மருந்து தேடி நிற்றல் கூடாது. அறுவை ஒன்றே வழி. இரைப்பையை முன்னரே வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் முறையும் உண்டு. நாய் முதிர்ச்சி அடையும் காலத்தில் அதனைப் பற்றி மருத்துவரிடம் உசாவலாம். அத்தகைய அறுவை செய்யவல்ல மருத்துவமனை தம் ஊருக்கு அண்மையில் யாது, அது நள்ளிரவிலும் திறந்திருக்குமோ என்பதை, நாய் வாங்குவோர் குட்டியை வீட்டிற்குக் கொணருமுன்னரே விசாரித்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.